மருந்து எழுதும் தகுதிக்கான களப்பயிற்சி: தொடர்ச்சியாக முடிப்பதா, வாரம் ஒரு காலைப் பொழுதா?

பிரிட்டனில், பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் கண் நோய்களுக்குத் தாமே மருந்து எழுதச் சட்டம் 2008இல் இடம் கொடுத்தது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளும் ஊசி வழியே செலுத்துபவையும் நீங்கலாக, கண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் தேவையான, உரிமம் பெற்ற எந்த மருந்தையும் இத்தகுதி பெற்றவர் எழுதலாம். நான் பயின்ற காலத்தில், பல்கலைக்கழகப் பாடங்களுக்குப் பின் ஒரு கண் மருத்துவரின் மேற்பார்வையில் மூன்று மணி நேர அமர்வுகள் 24 முடிக்க வேண்டியிருந்தது. ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் 2022இல் வெளியிட்ட புதிய விதிகள் இப்பயிற்சியை ஏறத்தாழ 90 மணி நேரமாக்கியதோடு, மருந்து எழுதுவதில் அனுபவமுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட்டும் மேற்பார்வையாளராக இருக்கலாம் என்று வழிவிட்டன. ஆகவே இன்று பயிற்சிக்கு இடம் தேடுபவருக்கு மூன்று வழிகள் உண்டு: மருத்துவமனையின் கண் அவசரப் பிரிவில் தொடர்ச்சியாகச் சில நாட்கள் இருப்பது, அதே பிரிவுக்கு வாரம் ஒரு முறை செல்வது, அல்லது இத்தகுதி பெற்ற ஒருவரின் கண்ணாடிக் கடையிலேயே பயில்வது.

முதல் இரண்டையும் நானே செய்திருக்கிறேன். ஒரு பெரிய நகர மருத்துவமனையில் ஐந்து நாட்களில் பத்து அமர்வுகளை முடித்தேன். மீதி பதினான்கையும் வேறொரு சிறிய மருத்துவமனையில் வியாழக்கிழமைக் காலைகளில் முடித்தேன். விடுப்பு, பயணச் செலவு, சம்பள இழப்பு ஆகியவற்றை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். தொடர்ச்சியாகச் சென்றால் ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேரும், வாரந்தோறும் சென்றால் பயணம் நீளும் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஐந்து நாட்களில் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. காண்டாக்ட் லென்ஸுடன் உறங்கியதால் கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியாவில் புண் வந்தவர்கள், கண்ணில் இரும்புத் துகள் விழுந்தவர்கள், ஃப்ளூரோசின் சாயத்தில் மரக்கிளைபோல் பச்சையாக ஒளிர்ந்த ஹெர்பிஸ் வைரஸ் புண்கள் இரண்டு என்று பதிவேடு வேகமாக நிரம்பியது. ஆனால் அன்றைய நெரிசலில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவி எனக்கென்று ஒன்று கிடைக்கவில்லை. பெரும்பாலான நேரம் மருத்துவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதைவிடப் பெரிய குறை, அந்த ஹெர்பிஸ் நோயாளிகள் இருவருக்கும் எழுதிய மருந்து வேலை செய்ததா என்பதை நான் அறியவே இல்லை. அவர்கள் மறுபரிசோதனைக்கு வந்தபோது என் பயிற்சி அங்கே முடிந்திருந்தது.

என் கணிப்பில் இத்தேர்வை முடிவுசெய்ய வேண்டியது இந்த ஒன்றுதான்: மருந்து எழுதிய நோயாளி திரும்பி வரும்போது நாம் அங்கே இருக்கிறோமா? நோயைக் கண்டறிவதில் நமக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. முதல் மருந்து எது என்பதையும் பாடத்தில் படித்துவிடுகிறோம். மருந்தை எப்போது குறைப்பது, எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான் பாடத்தில் படித்துப் பழக முடிவதில்லை.

வியாழக்கிழமைகளில் நான் பார்த்த ஒருவரைச் சொன்னால் இது விளங்கும். ஐம்பது வயதைக் கடந்தவர். நான்கு நாட்களாகக் கண் சிவந்து, வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் வந்தார். கண்ணின் முன்னறையில் அழற்சிச் செல்கள் மிதந்தன, கண்மணியின் ஓரம் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. யூவியைட்டிஸ், அதாவது கண்ணின் உட்பகுதியில் வரும் அழற்சி, என்பதில் ஐயமில்லை. 1 சதவீத பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மணிக்கு ஒரு முறையும், கண்மணியை விரிக்க சைக்ளோபென்டோலேட்டும் விடச் சொன்னோம். அடுத்த வியாழன் செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. “இனி எப்படிக் குறைப்பீர்கள்?” என்று மேற்பார்வையாளர் கேட்டு, நான் எழுதிக் காட்டிய அட்டவணையில் ஒரு படியை மட்டும் திருத்தினார். நான்காம் வியாழன் கண் அமைதியாக இருந்தது. ஆனால் முதல் நாளில் 16 ஆக இருந்த கண் அழுத்தம் 31ஐத் தொட்டிருந்தது. ஸ்டீராய்டுக்குச் சிலரின் கண் இப்படி எதிர்வினை காட்டும் என்று நான் பலமுறை படித்திருந்தும், அந்த எண்ணைக் கருவியில் பார்த்தபோது கை ஒரு கணம் நின்றது. அழுத்தத்தைக் குறைக்க, ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாத டிமோலோலை எழுதப்போன நான் ஆஸ்துமா உண்டா என்று கேட்க, அவர் கோட்டுப் பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்துக் காட்டினார். அண்மையில் அழற்சி கண்ட கண்ணுக்கு, அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான லட்டானோபிராஸ்டும் உகந்ததன்று. சல்ஃபா ஒவ்வாமை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சல்ஃபா வகையைச் சேர்ந்த அழுத்தக் குறைப்பு மருந்தான டோர்சோலமைடை எழுதி, ஸ்டீராய்டைக் குறைக்கும் வேகத்தையும் மாற்றினோம். ஒரே நோயாளியிடம் நான்கு வாரங்களில் கற்ற இதை, ஐந்து நாட்களில் பார்த்த அத்தனை பேரிடமும் சேர்த்துக் கற்றிருக்க மாட்டேன்.

மூன்றாவது வழியில் நான் பயின்றதில்லை. அவ்வழியில் சென்ற ஒரு தோழி சொன்னதை வைத்தே சொல்கிறேன். அங்கே நோயாளிகள் அதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதால் நான் வற்புறுத்தும் தொடர்ச்சி முழுமையாகக் கிடைக்கிறது. தனி ஸ்லிட் லேம்பும் கிடைக்கிறது, பிற்காலத்தில் வேலை செய்யப்போகும் சூழலும் அதுவே. ஆனால் இமை அழற்சி, உலர்கண், ஒவ்வாமை ஆகியவை நிறைய வந்தபோதும், தன் பயிற்சி முழுவதிலும் யூவியைட்டிஸ் நோயாளி ஒருவரைத்தான் பார்த்தேன் என்றாள் அவள். கார்னியாவைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய கடும் புண்கள் நேரே மருத்துவமனைக்குத்தான் போகும். ஒரு கடையின் நிலையைக் கொண்டு எல்லாக் கடைகளையும் எடைபோடக் கூடாது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இத்தகுதி பெற்றவர்கள் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருந்துச்சீட்டே எழுதுவதால், அங்குள்ள கடைகளுக்கு வரும் நோயாளிகள் வேறுபடலாம். இங்கிலாந்தில் உள்ளூர் ஒப்பந்தம் இல்லையென்றால் நோயாளியே விலை கொடுக்க வேண்டிய தனியார் சீட்டுதான் எழுத முடியும் என்பதால், மேற்பார்வையாளர் வாரத்துக்கு எத்தனை சீட்டுகள் எழுதுகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இன்று மீண்டும் தொடங்கினால், 90 மணி நேரத்தில் பெரும் பகுதியை அவசரப் பிரிவில் வாரம் ஒரு நாளாகவும், மீதியைக் கடையிலும் கழிப்பேன். நாளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். சில மருத்துவமனைகளில் அவசரப் பிரிவின் மறுபரிசோதனைகள் தனி நாளில் நடக்கும். வேறு நாளில் சென்றால் வாரந்தோறும் புதிய முகங்களையே பார்ப்போம். மருத்துவமனையின் பயிற்சி ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே, திங்களன்று யூவியைட்டிஸுடன் வந்தவர் மீண்டும் எந்த நாளில், எந்த அறைக்கு வருவார் என்று கேளுங்கள். அந்த நாளையும் அந்த அறையையும் கேட்டு வாங்குங்கள்.