மனப்பாடமா, சிலேட்டா?

குன்னூர்க் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் மூச்சுக் கருவி) பரப்பினால் வீட்டில் சிரிக்கிறார்கள். கடல் இருப்பது புதுச்சேரியில்தான். ஆனால் சிலிண்டர் காற்றோடு கடலில் முங்கும் ஸ்கூபாவுக்குத் தனியாகப் போகிறவனுக்கு, கருவிகளைச் சரிபார்க்கும் பழக்கம் இங்கேயே தொடங்கியாக வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் மனப்பாடமாகவே சரிபார்த்தேன். வேகமாக முடியும். ஆனால் படகு ஆடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடம் மறந்துவிடும். ஒருமுறை சிலிண்டர் வால்வை அரைகுறையாகத் திறந்திருந்தேன். அழுத்த மீட்டர் என்னவோ 200 பார் (அழுத்த அலகு) காட்டியது. மூச்சை இழுத்தபோதுதான் முள் சரிந்து, மறுபடி மேலே வந்தது. கூடவே முங்கும் ஜோடி இருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

சரிபார்க்க வேண்டியதைச் சிலேட்டில் பென்சிலால் எழுதி ஒவ்வொன்றாக அடிப்பது மெதுவான வேலைதான். முள்ளைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுப்பது இப்போது அதில் தனி வரி. அப்புறம், பெரிய சிலிண்டர் கைவிட்டால் மூச்சுக்கு வைத்திருக்கும் உதவிச் சிலிண்டர்: 3 லிட்டர், 200 பார் என்றால் 600 லிட்டர் காற்று. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே 60 ஆகும். பத்து நிமிடம். மேலே வரப் போதும், வேடிக்கை பார்க்கப் போதாது.

மனப்பாடக் காலத்தில் எனக்குத் தோன்றாத வரி ஒன்று, ஊர் திரும்பும் நேரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். முங்கிய கையோடு மலையேறினால், காற்றழுத்தம் குறைந்து, உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். முங்கியபின் விமானம் ஏறக் காத்திருக்கச் சொல்லும் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்: ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல என்றால் 18. அதனால் இப்போதெல்லாம் மலையடிவார மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி தங்கல்.