சாட்ஸ்வர்த் எடை குறைப்பு கிளினிக்: டாக்டர் அருமை, பில் அப்படியில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் ஒரு எடை குறைப்பு கிளினிக்குக்கு ஆறு மாதமாகப் போகிறேன், பெயர் வேண்டாம். டாக்டரம்மாவுக்கு முழு மதிப்பெண். நான் வாயைக் கட்டத் தெரியாதவன் என்றுதான் இத்தனை வருஷம் வீட்டில் பேச்சு. அவரோ, பசியை நடத்துவது மூளையின் ஹைப்போதலாமஸ், கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோன் மூலம் அதற்குச் சேதி அனுப்பும், 1994-இல் அதைக் கண்டுபிடித்ததும் மருந்து கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள், ஆனால் குண்டாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மூளைதான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

கொடுத்தது செமாக்ளூடைட். வாரம் ஒரு ஊசி, 0.25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் போல வேலை செய்து மூளையிடம் 'போதும்' என்கிறது. மூன்றாம் மாதம் மட்டன் பன்னி சௌ (கால்வாசி ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பித் தருவது) வாங்கி, குழம்பில் ஊறிய ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்! குமட்டல் உண்டு, மலச்சிக்கலும்.

குறை வரவேற்பு மேசையில்தான். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கட்டாது என்பதே பில் வந்த பிறகுதான் தெரிந்தது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதையும் நானாகக் கேட்டபோதுதான் சொன்னார்கள். சரி, அடுத்த மாதமும் போவேன், முதலில் விலையைக் கேட்டுவிட்டு.