அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

அப்ஸ்கேலிங் என்றால், சின்ன அளவுப் படத்தைப் பெரிய திரையின் அளவுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் பெரிதாக்குவது. சில வருஷத்துக்கு முன் அதில் நான் ஏமாந்த கதை இது. பில் 4,600 ரூபாய். அதில் 1,100 வெறும் கேபிளுக்கு!

வீட்டுக்கு 40 இன்ச் ஃபுல் எச்டி டிவி வந்த புதிதில், பழைய பிளேயரில் எந்த டிவிடியைப் போட்டாலும் படம் கலங்கலாகத் தெரிந்தது. எங்கள் கல்யாண டிஸ்க் படுமோசம். 1997-இல் கேசட்டில் எடுத்து, பிற்பாடு டிவிடியில் ஏற்றியது. குண்டு டிவியில் இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விசாரித்தேன். "இது 1080 அப்ஸ்கேலிங் சார். உங்க சாதா டிவிடியை ஃபுல் எச்டி ஆக்கிடும்" என்றார். மேலே டிவியில் ஒரு பஞ்சவர்ணக்கிளி, இறகை எண்ணிவிடலாம். ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினார், மூலையில் 1920 × 1080 என்று வந்தது. அங்கேயே விழுந்துவிட்டேன். தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிள் இருந்தால்தான் முழு ரிசல்ட் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால், கூறைப்புடவையின் சிவப்பு ஓரம் தாண்டி வழிந்துகொண்டிருந்தது குறைந்திருந்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் முகங்கள் அதே கலங்கல். மண்டப வாசலில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய எங்கள் பெயரை, எங்கள் பெயர் என்று தெரிந்ததால்தான் படிக்க முடிந்தது.

மறுபடி கடைக்குப் போனேன். அதே கிளி ஓடிக்கொண்டிருந்தது. பிளேயரின் தட்டைத் திறக்கச் சொன்னேன். காலி. டிவியின் பக்கவாட்டில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. கிளி வந்தது அதிலிருந்து. அசல் எச்டி வீடியோ. கீழே பிளேயர் நீல விளக்கு எரிய சும்மா உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "பெட்டியைப் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது சார்."

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் ஒரு படத்துக்கு 720 × 576, அதாவது நாலேகால் லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள். ஃபுல் எச்டி பேனலில் இருபது லட்சத்துக்கு மேல். ஐந்தில் நாலு பங்கை, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? அந்த நிரப்பும் வேலையையும் டிவியே செய்கிறது. தட்டையான டிவியின் பேனலில் புள்ளி எண்ணிக்கை மாறாது. எந்த சிக்னல் வந்தாலும் பேனலின் அளவுக்குப் பெரிதாக்கித்தான் காட்டியாக வேண்டும். இன்ஃபோவில் வரும் 1080 என்பது உள்ளே வருகிற சிக்னலின் அளவு. அதை வைத்து டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. என் டிஸ்க்கோ விஎச்எஸ் கேசட்டின் பிள்ளை, டிவிடியின் விவரம்கூட அதில் இல்லை.

பிளேயர் செட்டிங்கில் 576பி, 1080பி என்று மாற்றி மாற்றி வைத்து, எது எது என்று என் மனைவியிடம் கேட்டேன். "இதுல எதை சார் மாத்துனீங்க?" என்று நக்கலடித்தாள். நியாயமாகச் சொன்னால், டிவியின் உள் வேலை மட்டமாக இருந்து, பிளேயர் நல்லதாக இருந்தால் வித்தியாசம் தெரியலாம். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வருவது குறையும். அவ்வளவுதான்.

சிவப்பு வழிந்ததற்குக் காரணம் பிளேயரே இல்லை, பழைய பிளேயரை டிவியோடு இணைத்திருந்த, ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் அனுப்பும் மஞ்சள் வயர். அந்தப் பிளேயரின் முதுகில் தூசியைத் துடைத்தால் பச்சை, நீலம், சிவப்பு என்று, ஒளியையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் மூன்று காம்பொனென்ட் துளைகள். டிவியிலும் இருந்தன. 150 ரூபாய் கேபிள் மாட்டினேன், புடவை அடங்கிவிட்டது.

கடைக்குப் போகிறவர்கள் உங்கள் டிஸ்க்கையே கையோடு கொண்டுபோங்கள். தட்டில் வைத்து மூடுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். டிவியின் பக்கவாட்டையும் ஒரு தடவு தடவிப் பாருங்கள்.