டைரியா, டோடோயிஸ்டா, வாட்ஸப்பா? நேத்து விட்டுப்போன வேலை எங்க போகுதுன்னு பாருங்க

செய்ய வேண்டிய வேலைய குறிச்சுவைக்க எந்த டு-டூ ஆப் நல்லாருக்கும்னு கேட்டா ஆளாளுக்கு விட்ஜெட், டார்க் மோடுனு ஆரம்பிச்சுடுறாங்க. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், இன்னைக்கு முடிக்காத வேலைய நாளைக்கு காலைல அது என்ன பண்ணுது?

பேப்பர்ல, அதாவது கிழிச்ச தினசரி காலண்டர் தாளோட பின்பக்கமோ நகைக்கடைல குடுத்த டைரியோ, விட்டுப்போனத நீங்களேதான் திரும்ப எழுதணும். அதுதான் அதோட பலமே. "பரண் ஒழிக்கணும்"னு நாலாவது நாளும் எழுதுறப்ப கடுப்பாகி ஒண்ணு ஏணிய எடுப்பீங்க, இல்ல அந்த வரிய அடிச்சுட்டு நிம்மதியா இருப்பீங்க. ரைடர் கரோல்ங்கிறவர் 2013ல வெளியிட்ட, நோட்டுல வேலைகள குறிச்சுவைக்கிற புல்லட் ஜர்னல் முறைலயும் முக்கியமான விஷயமே இந்த திரும்ப எழுதுறதுதான், கலர் பேனா ஸ்டிக்கர் எல்லாம் இன்ஸ்டாக்காரங்க பின்னாடி ஒட்டிக்கிட்டது. ஆனா பேப்பர் மணி அடிக்காதே, 3 மணிக்கு பேங்க்ல பேசணும்னு எழுதிவச்சுட்டு 5 மணிக்கு பாத்து என்ன பிரயோஜனம்.

டோடோயிஸ்ட்ங்கிற ஆப்ல தேதிக்குள்ள முடிக்காதது எல்லாம் ஓவர்டியூனு (கெடு தாண்டிருச்சுனு) சிவப்பா மேல வந்துரும், ரெண்டு நாள் ஊருக்கு போயிட்டு வந்து திறந்தா கடன்காரன் வாசல்ல நிக்குற மாதிரி இருக்கும். ரீஷெட்யூல தட்டி மொத்தத்தையும் தள்ளிவிட ஒரு நிமிஷம்கூட ஆகாது, சிக்கலே அங்கதான், கை வலிக்காததால பரண் அடுத்த பொங்கல் வரைக்கும் தள்ளிக்கிட்டே போகும். ஆனா திரும்பத் திரும்ப வர்ற வேலைக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. ஈபி பில்லுக்கு 'எவ்ரி 2 மந்த்ஸ்'னு இங்கிலீஷ்ல அடிச்சா போதும், நீங்க லேட்டா கட்டுனாலும் அடுத்த தேதி பழைய கணக்குலயே வரும். கேஸ் சிலிண்டருக்கு அது சரிப்படாது, ஏன்னா போன தடவை எப்ப புக் பண்ணோமோ அதுலருந்துதான எண்ணனும், அதுக்கு 'எவ்ரி' பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போட்டா டிக் பண்ண நாள்லருந்து எண்ண ஆரம்பிச்சுரும். இது தெரியாமலே நிறைய பேர் வருஷக்கணக்கா யூஸ் பண்றாங்க.

மைக்ரோசாஃப்ட் டு டூ இதுக்கு நேர் எதிர். அதுல மை டேங்கிற பக்கம் தினமும் ராத்திரியோட காலி, வேலை அழியாது, அதோட லிஸ்ட்ல பத்திரமா இருக்கும், இன்னைக்கு எது வேணும்னு காலைல நீங்க பொறுக்கி போட்டுக்கணும். பேப்பரோட குணம் கொஞ்சம் இதுல இருக்கு, காசும் கிடையாது. சிவப்பப் பாத்தாலே ஆப்ப மூடுற ஆளுங்களுக்கு இதுதான் செட் ஆகும்.

வாட்ஸப்ல நமக்கு நாமே மெசேஜ் போடுற வசதி 2022 கடைசில வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒருத்தர சேர்த்து க்ரூப் ஆரம்பிச்சு அப்புறம் அவர தூக்கிட்டு ஒத்தையா உக்காந்திருப்போம். தோணுனத டக்குனு போட்டுவைக்க ஓகே, ஆனா டிக் பண்ண வழியில்ல, ரெண்டு ரீல்ஸ் லிங்க் விழுந்தா வேலை மேல போயிரும், அவ்ளோதான்.

என்னைக் கேட்டா தேதி உள்ளதெல்லாம் டோடோயிஸ்ட்ல, பரண் மாதிரி தேதி இல்லாததெல்லாம் பேப்பர்ல. மளிகை லிஸ்ட்டுக்கு இது எதுவுமே வேணாம், கூகுள் கீப்ல போட்டு வீட்ல இருக்கவங்களோட ஷேர் பண்ணிருங்க, யார் கடைக்கு போனாலும் டிக் பண்ணிக்கலாம்.