கழிவுநீர் லைனுக்கு ரிட்டர்ன் வால்வு: அடையாற்றங்கரை வீடுகளுக்கு எது சரிப்படும்?

அடையாற்றில் வெள்ளம் ஏறினால், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் பக்கம் பல தரைத்தள வீடுகளில் வாசல் வழியாக ஏறும் முன்னாலேயே பாத்ரூம் வழியாகத் தண்ணீர் வந்துவிடும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆறு ஏறி வடிகால் வாய் மூழ்கினாலே தெருவில் நிற்கும் மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும். கரண்ட் போய்ப் பம்பிங் ஸ்டேஷனும் நின்றால், மேன்ஹோல் நிரம்பி அத்தனையும் வீட்டு லைனில் எதுக்களிக்கும்.

துணியை அடைத்து இதை நிறுத்த முடியாது. நான்கு அங்குலக் குழாயில் ஒவ்வோர் அடி உயரத் தண்ணீரும் சுமார் இரண்டரை கிலோ எடையாகத் தள்ளும். மூன்றடி நின்றால் ஏழரை கிலோ. அதைத் தாங்கத்தான் 110 மி.மீ. பி.வி.சி. ரிட்டர்ன் வால்வு: கழிவுநீரை வெளியே விடும், திரும்பி வருவதைத் தடுக்கும். ஆற்றோரத்தில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் வாங்கும் மாதிரியிலும் பொருத்தும் இடத்திலும் கோட்டை விட்டால் வால்வு இருந்தும் பயனில்லை.

கடையில் 'என்.ஆர்.வி.' (நான்-ரிட்டர்ன் வால்வு) என்று மட்டும் கேட்டால் மோட்டார் லைனுக்கான ஸ்பிரிங் வைத்த வால்வை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேண்டாம். கழிவுநீர் சரிவில் தானாக ஓடுவது. ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும் அழுத்தம் அதில் இருக்காது. மடல் (ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் தட்டு) வைத்த வால்வு, மேலே திருகிக் கழற்றும் மூடி, கையால் இறுக்கிப் பூட்டும் நெம்புகோல் ஆகிய மூன்றும் இருக்கட்டும். மூடியைக் கழற்றி மடலை விரலால் தூக்கிப் பாருங்கள்: உரசாமல் எழ வேண்டும், விட்டதும் ரப்பர் வளையத்தில் சுற்றிலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். நெம்புகோல் இல்லாதது கொஞ்சம் மலிவு, ஆனால் மடலில் ஒரு தலைமுடிக் கற்றை சிக்கினாலும் இடைவெளி விழுந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் சுத்தம் செய்து பூட்டிவிட வசதி இருப்பதே நல்லது.

பொருத்தும் இடம்தான் முக்கியம். வீட்டின் கடைசிச் சேம்பருக்கும் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) தெரு லைனுக்கும் நடுவில், அம்புக்குறி தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். சுற்றிலும் இரண்டுக்கு இரண்டடி சேம்பர் கட்டினால்தான் கை உள்ளே போகும். வால்வைவிட இந்தக் கட்டு வேலைக்குத்தான் கூடுதலாகச் செலவாகும். செப்டிக் டேங்க் வீடென்றால் டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவில் வையுங்கள். டேங்குக்கு அப்பால் வைத்தால் நிலத்தடி நீர் சுவர் வழியாக டேங்கில் ஊறி நிரம்பி, வால்வைத் தொடாமலேயே வீட்டுக்குள் வரும். மழைக்கு முன் டேங்கை முழுசாகக் காலி செய்வதும் தப்பு. பிளாஸ்டிக், ஃபைபர் டேங்க் ஈர மண்ணில் மிதந்து எழும்பி இணைப்பை உடைத்துவிடும்.

பொருத்திய பிறகும் வீடு நாறியது என்று புகார் வந்தால், பெரும்பாலும் காரணம் மொட்டை மாடிக் குழாய்தான். மாடி மழைநீரை வால்வுக்கு முன்னால் சேம்பரில் விட்டிருப்பார்கள். மடல் மூடியதும் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் தரைத்தளக் கழிப்பறையில் பொங்கும். மாடி வீட்டுக்காரர் ஒரு ஃப்ளஷ் அடித்தாலும் இதே கதிதான். ஆகவே மழைநீர்க் குழாயைத் தனியே பிரித்து வெளியே விட வேண்டும். மேல்தள லைனை வால்வைத் தாண்டித் தெருப் பக்கத்தில் இணைத்து, தரைத்தளத்தை மட்டும் வால்வு வழியாக விடுங்கள். வால்வுக்கு வீட்டுப் பக்கம் உள்ள சேம்பர் மூடிகளையும் கிரீஸ் தடவி இறுக்க வேண்டும். முற்றத்தில் தேங்கும் தண்ணீர் அந்த மூடி வழியாக இறங்கினாலும் பாத்ரூமுக்குத்தான் வரும்.

செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், மூடியைத் திறந்து மடலைக் கழுவி, ரப்பர் விறைத்திருந்தால் மாற்றுங்கள். சானிட்டரி நாப்கின், துணி, சமையல் எண்ணெய்ப் படிவு மூன்றும்தான் மடலைப் பிடித்து வைக்கும். பூட்டியிருக்கும் வரை தரைத்தளத்தில் குளியல், ஃப்ளஷ் எதுவும் கூடாது. தண்ணீர் வடிந்ததும் பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு வாளி ஊற்றி ஓட்டத்தைப் பாருங்கள்.

தெருத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி ஏறும் வீடுகளுக்கு வால்வு மட்டும் போதாது. சம்ப் வாயைச் சுற்றி ஒன்றரை அடி சுவர் எழுப்பி, மூடியை ரப்பர் வைத்து இறுக்கும் வேலையைச் சேர்த்தே செய்யுங்கள். குடிக்கிற தண்ணீர் அதில்தான் இருக்கிறது.