கிண்டிலில் தமிழ் நூல்: வாசிக்கலாம், வைத்துக்கொள்ள முடியாது

அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவி கிண்டில். அதன் கடையில் தமிழ் நூல்கள் 2016 இறுதியிலிருந்து விற்பனையில் இருக்கின்றன. கருவியில் பெரிய குறை இல்லை. திரை கண்ணைக் கூசாது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும், ஆயிரம் பக்க நாவலையும் ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம். சிக்கல் கோப்பில் இருக்கிறது. ‘பை நவ்’ என்று பொத்தானில் எழுதியிருந்தாலும், விதிமுறைகளின்படி நூல் உங்களுக்கு விற்கப்படுவதில்லை, உரிமம்தான் தரப்படுகிறது. மறுவிற்பனைக்கும் இரவலுக்கும் அதில் இடமில்லை. பழைய புத்தகக் கடைக்காரர் கிண்டில் நூலைத் தொடமாட்டார்.

இந்த விதிகளைக் காக்க நூலுக்கு ஒரு மென்பொருள் பூட்டு போடுகிறார்கள். அது இப்படித்தான் இயங்குகிறது: சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி நூலின் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டு வருகிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் கணக்கோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டிருக்கும். கோப்பை அப்படியே நகலெடுத்து நண்பரின் கிண்டிலில் போட்டால் திறக்காது. கோபோ போன்ற வேறு நிறுவனத்தின் கருவியிலும் திறக்காது. உங்கள் சொந்தக் கருவிகளுக்கும் வரம்பு உண்டு. ஒரு நூலை ஒரே நேரத்தில் பொதுவாக ஆறு கருவிகளில் வைக்கலாம், பதிப்பாளர் நினைத்தால் அதையும் குறைக்கலாம். உரிம வரம்பு முடிந்தது என்று செய்தி வந்தால், அமேசான் தளத்தில் ‘கன்டென்ட் அண்ட் டிவைசஸ்’ பக்கத்துக்குப் போய், இப்போது பயன்படுத்தாத பழைய போன்களின் பதிவை நீக்குங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

2025 பிப்ரவரி 26 வரை ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, யுஎஸ்பி கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி. பூட்டோடுதான் வரும் என்றாலும், கோப்பு நம் வட்டில் இருக்கும். அன்றோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கடையில் வாங்கிய பூட்டிய நூல் கருவிக்கு நேராகத்தான் இறங்கும். வைஃபை இல்லாத கிண்டில் டிஎக்ஸ் போன்ற பழைய கருவிகளை வைத்திருப்பவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். நம்முடைய சொந்தக் கோப்புகளைக் கேபிளில் ஏற்றுவதற்கு மட்டும் தடையில்லை.

கடைக்காரர் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2009 ஜூலையே சாட்சி. பதிப்புரிமை இல்லாத ஒரு பதிப்பகம் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களைக் கடையில் ஏற்றியிருந்தது. விஷயம் தெரிந்ததும் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அவற்றை அமேசான் அழித்துவிட்டது. பணம் திரும்பி வந்தது, நூல் போயிற்று. அழிந்த நூல்களில் ஒன்று, எல்லாரையும் கண்காணித்துப் பழைய பதிவுகளை அழிக்கும் அரசைப் பற்றிய நாவலான ‘1984’. வேறு எந்த நூலாக இருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது! அமேசானின் அன்றைய தலைவர் ஜெஃப் பெசோஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார்.

அழிப்பு அபூர்வம். அன்றாடம் இடிப்பது வேறொன்று: அடிக்கோடிட்ட வரிகளை வெளியே எடுப்பதற்கான வரம்பு. இதைப் பதிப்பாளர் நிர்ணயிக்கிறார், பெரும்பாலும் நூலில் பத்து சதவீதம் அளவில் இருக்கும். அதைத் தாண்டினால் கருவியில் கோடு தெரியும், ஆனால் ‘மை கிளிப்பிங்ஸ்’ கோப்பில் வரிக்குப் பதிலாக வரம்பு முடிந்தது என்ற வாசகம் மட்டுமே இருக்கும். 500 பக்க நாவலுக்கு இது தாராளம். 60 பக்கக் கவிதைத் தொகுப்பில் ஆறு பக்கத்தோடு முடிந்துவிடும். ஆய்வு மாணவர்கள் படித்து முடித்து, மேற்கோள் தேடும் நாளில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கவிதை, இலக்கணம், அகராதி வகை நூல்களை அச்சில் வாங்குவதே மேல்.

கிண்டில் அன்லிமிடெட் சந்தாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது நேர்மையான வாடகை. ஒரே நேரத்தில் 20 நூல் எடுக்கலாம், சந்தா நின்றால் நூல்களும் போய்விடும், முதலிலேயே தெரிந்த விஷயம். ஆனால் அதற்கு ஒரு மறைமுக விளைவு உண்டு. தாமே வெளியிடும் எழுத்தாளர் சந்தாத் திட்டத்தில் நூலைச் சேர்த்தால், குறைந்தது 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. பூட்டில்லாமல் அதே நூலை வாங்க நினைக்கும் வாசகருக்கு அந்தக் காலத்தில் வேறு கடையே கிடையாது.

எல்லா நூலும் பூட்டியே வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பூட்டு போடுவதா வேண்டாமா என்பதை வெளியிடுபவர்தான் தேர்வு செய்கிறார். வாங்குமுன் நூலின் பக்கத்தில் விவரப் பகுதிக்கு இறங்கிப் பாருங்கள். ‘சைமல்டேனியஸ் டிவைஸ் யூசேஜ்: அன்லிமிடெட்’ என்று இருந்தால் பெரும்பாலும் பூட்டில்லாத நூல். 2026 ஜனவரி 20 முதல் இத்தகைய நூல்களை வாங்கியவர்கள் ஈபப் (பல நிறுவனக் கருவிகளிலும் திறக்கும் மின்னூல் வடிவம்) அல்லது பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் அமேசான் வழி செய்தது. பழைய நூல்களுக்கு ஆசிரியரே போய் அமைப்பை மாற்ற வேண்டும். பிடித்த எழுத்தாளருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவதில் தவறில்லை.

பூட்டை உடைக்கும் நிரல்கள் பற்றி ஒரு வார்த்தை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதற்கு அதே பிரிவு விலக்கு தருகிறது. அமேசானின் விதிமுறையில் அந்த விலக்கெல்லாம் இல்லை. அதை மீறியதற்காகக் கணக்கு மூடப்பட்டால், உடைக்காமல் வைத்திருக்கும் மற்ற நூல்களும் சேர்ந்தே போகும்.

மின்னூலுக்கு அச்சு விலையில் பாதிக்கு மேல் கேட்டால் வாங்காதீர்கள். ஒரு முறை படித்துவிட்டு விடும் துப்பறியும் கதை, பயண நூல் என்றால் மலிவு விலையில் தாராளமாக வாங்கலாம். பழைய இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகத் தருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது பகிர்வதற்கு ஆசிரியரே அனுமதி தரும் உரிமம்) ஈபப் கோப்பும் ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் கோப்பும் உண்டு. ஈபப்பையே எடுங்கள். ‘சென்ட் டு கிண்டில்’ இணையப் பக்கம் 200 எம்பி வரை ஏற்கும், எழுத்தின் அளவையும் விருப்பப்படி மாற்றலாம். பிடிஎஃப்பில் பக்கம் அச்சடித்தபடியே உறைந்து நிற்கும், பெரிதாக்கினால் வரிக்கு வரி நகர்த்த வேண்டியிருக்கும்.