மனு எழுதித் தரும் ஒரு ஜெராக்ஸ் கடை: 150 ரூபாய் கொடுக்கலாமா?

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ராமநாதபுரத்தில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகிற வழியில் நாலைந்து ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன, அதில் பழைய தையல் மிஷின் மேசை மேல் பிரிண்டர் வைத்திருக்கும் கடை. நடத்துகிறவர் கல்வித் துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதி, டைப் அடித்து, மூன்று காப்பி எடுத்துத் தர 150 ரூபாய். பக்கத்துக் கடையில் 60 ரூபாய்க்கே முடித்துவிடுவார்கள். அப்புறம் எதற்கு இவரிடம் போக வேண்டும் என்றால், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடலோரம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, 97 பிள்ளைகள். உப்புக்காற்று இரும்பைத் தின்கிற வேகம் கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்து ஊதி, மேல்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கழிப்பறைத் தகரக் கதவில் கீழ்ப்பாதி கிடையாது, சுற்றுச்சுவர் பாதி சாய்ந்துவிட்டது, அந்த வழியாக ஆடுகள் வந்து போகின்றன. என் மனைவி பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. போன வருஷம் நாங்களே ஒரு மனு எழுதினோம். கூரை, கழிப்பறை, சுவர், குடிதண்ணீர், கம்ப்யூட்டர், ஆங்கில டீச்சர் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு, ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று முடித்து, எட்டுப் பேருக்கு நகல் அனுப்பினோம். அது எங்கெங்கோ சுற்றி, உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒரு வரிக் கடிதமாக வீட்டுக்கு வந்தது.

அந்தக் கடிதத்தையும் பழைய மனுவையும்தான் கடைக்காரரிடம் நீட்டினோம். கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, "ஏம்மா, மளிகைக் கடையில போய் மருந்து கேட்டிருக்கீங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்து அவர் கேட்ட கேள்வி, "எத்தனை பிள்ளைங்க?" 97 என்றதும் உச்சுக்கொட்டினார். இன்னும் நாலு பேர் இருந்தால் கணக்கே வேறாம். மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்று பணம் போடுகிற சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதிப்படி, ஆண்டுப் பள்ளி மானியம் தலைக்கணக்கை வைத்துத்தான். 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய், 100-ஐத் தாண்டி 250 வரை 50,000. அதிலும் பத்தில் ஒரு பங்காவது சுத்தத்துக்குச் செலவழிக்க வேண்டும். சாக்பீஸ், மின்சார ரிப்பேர், தண்ணீர்க் குழாய், துடைப்பம் எல்லாம் அந்த 25,000-க்குள். அதில் சுவர் கட்டித் தரச் சொல்லித் தலைமை ஆசிரியரை வருஷம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம் அந்த மனுஷர்.

பிறகு ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் கஜானாவிலிருந்து. பள்ளிக் கல்விக்குத் தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கிய 46,767 கோடியில் பெரும்பகுதி அதற்கே போகும், ஆகவே ஆங்கில டீச்சர் வேண்டுமென்றால் அது தனி மனு, தனிக் கதவு. ஒன்றியப் பள்ளி என்பதால் கட்டடமும் சுவரும் ஊரக வளர்ச்சித் துறைப் பக்கம், அங்கே குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வகுப்பறைக்கு எம்.எல்.ஏ. தொகுதி நிதியைக் கேட்கலாம், ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. ஊர் மூன்றில் ஒரு பங்கு போட முடிந்தால் நமக்கு நாமே திட்டம். பெஞ்ச், கம்ப்யூட்டர் மாதிரி கொடையாளர்கள் தரக்கூடியவற்றுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி. இதெல்லாம் எங்களுக்குக் காதில் விழுந்த பெயர்கள்தான், எந்தப் பணம் எந்தப் பையில் இருக்கிறது என்று யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

நடுவில் ஒரு அரைமணி நேரம் அரசியல் ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், இவர் நிறுத்தவே இல்லை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது, 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் என்று பிடிக்கிறார்களே, செஸ் என்பதால் அது மாநிலங்களோடு பங்குபோட்டுக்கொள்கிற வரியில் சேராது, இதை மேசையைத் தட்டிச் சொன்னார். எனக்கு அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிற சித்தப்பா மகன் ஞாபகம் வந்தது. அங்கே பள்ளி மாவட்டம் என்று தனியாக ஒரு அமைப்பு, அதுவே வீட்டுக்காரர்களிடம் சொத்து வரி வாங்குகிறது, அவன் கட்டுகிற வரியில் பெரும்பங்கு பள்ளிக்கே. வீடு விலை அதிகமான ஊரில் அதே வரி விகிதத்துக்குக் கூடப் பணம் வந்து விழும். அது நியாயமில்லை என்று சான் அன்டோனியோவில் ஏழைப் பிள்ளைகளின் பெற்றோர் வழக்குப் போட்டு, 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தோற்றார்கள். எங்கள் ஊர் வீட்டு வரியை நம்பிப் பள்ளி நடத்தினால் கதவின் மேல்பாதியும் இருந்திருக்காது.

சரி, மனுவுக்கு வருகிறேன். ஒரே தாளை மூன்றாக்கினார். சுவரும் கழிப்பறையும் ஒன்று, வகுப்பறைக் கூரை ஒன்று, ஆசிரியர் ஒன்று. முதல் வேலையாகத் தாழ்மையுடன் என்ற சொல்லை அடித்தார். அந்த இடத்தில் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வந்து உட்கார்ந்தது. மேலாண்மைக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும், அரசோ உள்ளாட்சியோ தருகிற மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் அட்டவணையில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர் அல்லது வேலி எல்லாம் பள்ளிக்கூடம் என்றால் இருக்க வேண்டியவை. என் மனைவி இதைப் படித்துவிட்டு, "அப்ப நாம கேக்குறது தானம் இல்ல, உரிமையா சார்?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை, பிரிண்டரில் தாள் சிக்கியிருந்தது.

ஒரு விஷயத்தில் அவர் விடாப்பிடி. குழுத் தீர்மானம் இல்லாமல் மனு அடித்துத் தர மாட்டார். முதல் நாள் எங்களை வெறுங்கையோடு அனுப்பினார், பஸ்ஸுக்கு இரண்டு பேருக்கும் ஆன செலவு தண்டம். குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் படித்துப் பதிவு செய்து, பிள்ளைகள் எண்ணிக்கை, தேதியோடு போட்டோ, ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டு எஸ்டிமேட், இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தார். ராமநாதபுரம் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது, கல்வி அதில் ஒரு அளவுகோல் என்று ஒரு வரி சேர்த்தது அவர் யோசனை. நான் எழுதியிருந்தால் எங்கள் ஊர் மிகவும் பின்தங்கிய ஊர் என்று அழுதிருப்பேன்.

குறைகளும் உண்டு. பேச்சு, பேச்சு, பேச்சு. மத்தியானம் ஒன்றரைக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டுத் தூங்குவார், எழுப்பினால் முகம் கொடுக்க மாட்டார். ஜிபே கிடையாது, சில்லறை நாம்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது மனுவில் எங்கள் ஊராட்சிப் பெயரைத் தப்பாக அடித்து, அதைத் திருத்த மறுபடி 20 ரூபாய் கேட்டார். தப்பு அவருடையது என்று சொன்னதற்கு, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்றார். கொடுத்தேன், ஆனால் மனசில்லாமல்தான் கொடுத்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத 61 நாளும் கையில் காசில்லாமல் வருகிறவர்களிடமும் அதே 150 தான், பத்து ரூபாய் குறைக்க மாட்டார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சுவரை அளக்க ஆள் வந்தார்கள், வேலை இந்த வருஷப் பட்டியலில் ஏறியிருக்கிறது, செங்கல் இன்னும் வரவில்லை. கழிப்பறைக்குப் புதுக் கதவு வந்துவிட்டது, இந்தத் தடவை தகரம் வேண்டாம் பிளாஸ்டிக் போடுங்கள் என்று கேட்டு வாங்கினோம், உப்புக்காற்றுக்கு அதுதான் நிற்கும். ஆசிரியர் மனுவுக்கு ஒரு அசைவும் இல்லை. ஆனால் மூன்று மனுவுக்கும் பதில் கடிதம் வந்தது, ஒவ்வொன்றிலும் யாரிடம் இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது, அதனால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று இப்போது எங்களுக்கே தெரிகிறது.

ஐந்துக்கு நாலு ஸ்டார். போகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று கூட்டத்தில் அவர் யார் மனுவையும் ஒழுங்காகப் படிப்பதில்லை. புதன், வியாழன் காலை பதினொரு மணிக்குள் போங்கள், தீர்மான நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அவரிடமே தங்கிவிடும். பள்ளியில் 98, 99 பிள்ளைகள் என்றால் சேர்க்கை முடிவதற்கு முன்பே போய்விடுங்கள். நாங்கள் இப்போது பக்கத்துத் தெருவில், மெட்ரிகுலேஷன் வேனுக்குக் காத்து நிற்கிற நாலு வீட்டுப் பிள்ளைகளின் அம்மாக்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தர் சம்மதித்துவிட்டார், இன்னும் மூன்று.